கோல்ஃபு நைனாவின் மாடி மைதானம்

திருப்பதியில் முடியைக் கொடுத்தவர்கள் கோடிப் பேர். உண்டியலில் கழற்றிப் போட்ட வளையலுக்கும் மோதிரத்துக்கும் கணக்குக் கிடையாது. ஆனால் எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு வெள்ளைப் பந்துக்கு வீட்டுக் கூரையையும், மாதச் சம்பளத்தையும், கட்டின மனைவியின் பொறுமையையும், கடைசியில் கூடப்பிறந்த தங்கையையும் காணிக்கையாகக் கொடுக்கப் போன மனிதர் இந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். எங்கள் வீட்டு ஓனர், கோல்ஃபு நைனா.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கம் பெற்ற அப்பாவையும் நைனா என்போம், கொஞ்சம் மரியாதைப்பட்டவர் யாரைப் பார்த்தாலும் நைனா என்போம். ஒரு நாள் காலையில் மாடியிலிருந்து வந்த 'டொம்' சத்தத்தில் பால்காரர் பதறிப்போய்க் கேனைக் கவிழ்த்துவிட்டார். "இன்னா கோல்ஃபு நைனா, காலங்காத்தால!" என்று அண்ணாந்து கத்தினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அப்புறம் கொரியர்காரர்கூட அதைச் சொல்லித்தான் வீட்டை விசாரித்தார்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். சொந்த ஊர் குடிபாலா. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பைக் ஓட்டியே என் முதுகெலும்பு தேய்ந்தது. அலிபிரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில், நைனா வீட்டுக் கீழ் போர்ஷனில் நானும் என் மனைவி கலாவும் குடியிருந்தோம். மேலே நைனாவும் அவர் மனைவியும். அந்தம்மாவை ஓனரம்மா என்று கூப்பிடுவோம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் நேராக மாடிப்படி ஏறிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் நிறைய மாடிப்படி ஏறுகிறேன்.

நைனாவுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் பொறுப்பு. அங்கே வேலை பார்த்த ஜப்பான்கார இன்ஜினீயர் ஒருவர் நைனாவின் மிளகுப் பொங்கலுக்கு அடிமையாகிவிட்டார். 'பொங்கல் சான்', அதாவது பொங்கல் ஐயா, என்றுதான் கூப்பிடுவாராம். அவர் ஊருக்குத் திரும்புகிற சமயம், சென்னையில் தன் வாடகை வீட்டில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த கோல்ஃப் மிஷினை அப்படியே நைனாவுக்குக் கொடுத்துவிட்டார்.

"சும்மா குட்த்தாரு சார்! ஒரு பைசா வாங்கல!" என்று நைனா படியில் நின்று குதித்தார்.

மிஷின் லாரியில் வந்தது. லாரி வாடகை நைனாவுடையது. ஏற்றின கூலி, இறக்கின கூலி, மாடிக்குத் தூக்கின கூலி எல்லாம் நைனாவுடையது. கலா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாள். நான் சிரித்தேன். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அந்த மிஷினின் முழு வரலாற்றையும் லாரி நிற்கும்போதே அவள் சொல்லி முடித்திருக்கிறாள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திரை. புரொஜெக்டரைப் போட்டால் அதில் பச்சைப் பசேலென்று மைதானம் விரியும். இந்தப் பக்கம் தரையில் புல் மாதிரி ஒரு ரப்பர் மேட். அதன்மேல் பந்தை வைத்து மட்டையால் ஓங்கி அடித்தால், பந்து திரையில் மோதிக் கீழே விழும். ஆனால் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற கேமரா, பந்து போன வேகத்தையும் திசையையும் பார்த்து, திரைக்குள்ளே அதைத் தொடர்ந்து பறக்க வைக்கும். நம் பந்து காலடியில் கிடக்கும், திரையில் அதே பந்து குளம் தாண்டி, மேடு தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது நானும் வாயைப் பிளந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தகராறு மிஷினால் வரவில்லை. அது எந்த அறைக்குள் போயிற்று என்பதால் வந்தது.

திருப்பதியில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்கு அந்த வீட்டில் ஒரு அறை சொந்தமில்லை. அது சொந்தக்காரர்களுடையது. ஒன்றுவிட்ட சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்காவின் சம்பந்தி, யார் தரிசனத்துக்கு வந்தாலும் முதலில் நம் வீட்டில் பை வைத்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். ஓனரம்மா அந்த அறையில் பாய் தலையணையெல்லாம் எப்போதும் தயாராக வைத்திருப்பார். மொட்டைத் தலையில் பூசின சந்தனம் ஒட்டுமே என்று, அதற்கென்றே பழைய புடவையில் தைத்த தலையணை உறைகள் தனியாக உண்டு. அந்த அறைக்குள்தான் மிஷின் நுழைந்தது.

"ஏங்க, ஜனங்க வந்தா எங்க படுக்கும்?"

"ஹால்ல படுத்துக்கட்டும். ரூமு பந்துக்கு."

நைனா வீசின முதல் வீச்சிலேயே ஃபேன் கழன்று வந்துவிட்டது. மட்டையைத் தூக்கி ஓங்குவதற்குக் கூரை உயரம் போதவில்லை. சாதாரண மனிதன் அங்கேயே மிஷினை மூட்டை கட்டியிருப்பான். நைனா மேஸ்திரியை வரச் சொன்னார்.

"கூரைய ஒசத்தணும்."

மேஸ்திரி அறையைச் சுற்றி வந்து, "எதுக்கு சார்? உள்ள ஒட்டகம் கட்டப் போறீங்களா?" என்றார்.

கூரை உயர்ந்தது. தெருவில் எங்கள் வீடு மட்டும் தலைப்பாகை கட்டிக்கொண்ட மாதிரி நின்றது. லிஃப்ட் வைக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் எங்களோடு ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். புரொஜெக்டர் சூட்டுக்கு ஏசி வந்தது. ஏசி இழுத்த இழுப்பில் வோல்டேஜ் இறங்கியதென்று ஸ்டெபிலைசர் வந்தது. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் மிஷினுக்கு ஆகாதென்று இன்வெர்ட்டர் வந்தது. ஓனரம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே ஏசிக்குப் போயிற்று. "நான் அடுப்பண்ட வெந்துகினு கீறேன், பந்து குளுகுளுன்னு கீது" என்று கலாவிடம் வந்து புலம்புவார்.

ஒரு வருஷம் ஆனதும் நைனா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே வந்தார்.

"சார், புல்லுக்குக் காசு கட்டச் சொல்றான்."

"எந்தப் புல்லுக்கு?"

"ஸ்க்ரீன்ல கீற புல்லுக்குதான். வருஷா வருஷம் கட்டணுமாம். கட்டலன்னா மைதானம் வராது."

"அந்தப் புல்லுக்கு யாரு தண்ணி ஊத்தறா நைனா?"

"அமெரிக்காவுல எவனோ இன்னாவோ பண்றான் சார், எனக்கு இன்னா தெரியும்?"

குடிபாலாவில் எங்கள் நிலத்தில் தானாக முளைக்கிற புல்லை அறுத்துக்கொண்டு போக ஆள் கிடைப்பதில்லை. இங்கே மாடு மேய முடியாத புல்லுக்கு மனிதர் வருஷச் சந்தா கட்டினார். அதற்கடுத்த வருஷம் அந்தப் புல் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு முன்னேறிவிட்டதாம். அவ்வளவு புல்லைத் தாங்க முடியாமல் கம்ப்யூட்டர் திணறவே, புதுக் கம்ப்யூட்டர் வந்தது.

எனக்கு மட்டும் செலவில்லையா? அந்த அறை எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்க ஆரம்பித்தால் ராகுகாலத்தில்கூட ஓய மாட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போவேன். "வா சார், வா சார், சரியான நேரத்துல வந்த, துன்னுட்டுப் பேசலாம்" என்று வாழையிலையில் சுடச்சுடப் பொங்கலை வைத்துவிடுவார். நெய்யில் பொரிந்த மிளகு பல்லில் படும்போது யாரால் சண்டை போட முடியும்? என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்து, ஏப்பம் விட்டுக்கொண்டு இறங்கி வருவேன். கலா தலையில் அடித்துக்கொள்வாள்.

பந்து ஓயாமல் ஒரே இடத்தில் மோதியதில் திரை கிழிந்தது. புதுத் திரை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இந்தச் சேதி நகரிக்குப் போயிற்று. நைனாவின் ஒரே தங்கை தேவகியை அங்கேதான் கொடுத்திருந்தார்கள். அவள் கணவருக்குப் பவர்லூம் தொழில். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா மச்சான், நெசவுக்காரன் வூட்டுல பொண்ணு குட்த்துட்டு, துணிக்குப் போயி ஃபாரினுக்கு எழுதிக்கினு கீறீங்க?"

அவரே தறியில் நின்று, நூலை இரட்டிப்பாகப் போட்டு, கத்தி இறங்காத மாதிரி ஒரு துணி நெய்து கொண்டுவந்தார். தேவகியும் மூன்று வயது மகன் கிஷோரும் கூட வந்தார்கள். அப்படியே தரிசனமும் முடித்துவிடலாம் என்று திட்டம். மாப்பிள்ளை தன் கையாலேயே துணியை நாலு பக்கமும் இழுத்து, மத்தளம் மாதிரி விறைப்பாகக் கட்டினார். அந்தத் திரை தொளதொளவென்று தொங்க வேண்டும், அப்போதுதான் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. நெசவுக்காரர் வீட்டில் துணி தொய்ந்தால் அவமானமாயிற்றே. மாப்பிள்ளைக்கு மரியாதையாக நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டு, நைனா ஓங்கி ஒன்று விட்டார்.

பந்து போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். மாப்பிள்ளை நெற்றியில் நடுவாந்திரமாகப் பட்டது.

அந்த மனிதரை நான் என்றைக்கும் மெச்சுவேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு முதலில் திரையைத்தான் பார்த்தார். "ஒரு நூலு அறுந்துச்சா பாத்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார். அப்புறம்தான் கண் சொருகிச் சாய்ந்தார்.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். ஹால் முழுக்க மிஷின் வந்த பெட்டிகள். கால் நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி இருந்த ஒரே இடம் அந்த ரப்பர் மேட்தான். தேவகி புருஷனைத் தாங்கிப் பிடித்து அதன்மேல் சாய்க்கப் போனாள். அப்போது நைனாவின் வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தை.

"மேட்டு மேல வாணாம்மா, பள்ளம் வுழுந்துரும்."

தேவகி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்தாள். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பி, கையைப் பிடித்து இறங்கினாள். வாசலில் ஓனரம்மா கெஞ்சியபோது, "உடு அண்ணி. அண்ணன் வூடு கீற ஊர்ல நான் லாட்ஜுல தங்கறேன். ஊரு சிரிக்கட்டும்" என்றாள். இங்கே அதைவிடப் பெரிய வசவு கிடையாது. உறவுக்காரர் வீடு இருக்க லாட்ஜில் தங்கினால், அந்த உறவு அறுந்தது என்று அர்த்தம்.

நைனா போன் மேல் போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. நாளானால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்து சேர்ந்தது.

ஓனரம்மா பூஜையில் குறை வைக்க மாட்டார். கிரைண்டர், மிக்ஸி, ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், மட்டைகள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கேமராப் பெட்டியின் கண்ணாடிக் கண்ணுக்கு நட்டநடுவில் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். கற்பூரம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தார்கள். அன்று முதல் நைனா எங்கே அடித்தாலும் பந்து இடது பக்கம் வளைந்து திரையில் இருந்த குளத்துக்குள் போய் விழுந்தது.

நைனா முதலில் தன் இடுப்பைச் சந்தேகப்பட்டார். நான் சாம்பிள் மருந்து கொடுக்கிற எலும்பு டாக்டரிடமே கூட்டிப் போனேன். பிறகு செருப்பைச் சந்தேகப்பட்டு ஷூ வாங்கினார். கடைசியில் வாஸ்து பார்ப்பவர் வந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"குளம் நைருதி மூலையில கீது. நைருதியில தண்ணி ஆகவே ஆகாது."

மிஷினைப் பிய்த்து எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். ஒயரிங் மாறியது, ஏசி இடம் மாறியது. குளம் எதிர்மூலையான ஈசானியத்துக்கு வந்தது. பந்து ஈசானியத்திலேயே போய் விழுந்தது.

வேறு வழியில்லாமல் பெங்களூர் சர்வீஸ்காரருக்குப் போன் போனது. "எந்த ஊரு சார்? திருப்பதியா? நானே நேர்ல வந்துடறேன்" என்றார் அவர். மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். கைக்குட்டையை எடுத்துக் கேமராவின் கண்ணைத் துடைத்தார். வேலை முடிந்தது. அதற்கு வண்டிச் செலவு, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் போக, தரிசனத்துக்கு ஏற்பாடும் கேட்டார். வந்தவர்களை வெளியே தள்ள முடியுமா? ஹாலில் இருந்த பெட்டிகளை எங்கள் வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு, ஓனரம்மா அங்கே படுக்கை விரித்தார். ஐந்து பேரும் மொட்டை போட்டு, சந்தனத் தலையோடு நன்றாகத் தூங்கி எழுந்து, பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தச் சேதி நகரிக்குப் போகாமல் இருக்குமா? சர்வீஸ்காரன் குடும்பத்துக்கு இடம் இருந்தது, கூடப்பிறந்தவளுக்கு இல்லை என்று ஆயிற்று. தேவகி ஒரு நாள் ஓனரம்மாவுக்குப் போன் செய்தாள். குரல் வெளியே கேட்டது.

"அண்ணி, வர்ற வெள்ளிக்கெழம கிஷோருக்கு மலையில மொட்ட. நீ வா. அவரு வாணாம். அவரு மடியில பந்த ஒக்கார வெச்சுக்கட்டும். எம்புள்ள அவங்க சித்தப்பன் மடியில ஒக்காந்துக்கும்."

தாய்மாமன் மடியில் வைத்து முதல் முடி இறக்குவதுதான் எங்கள் பக்கத்து முறை. தாய்மாமன் உயிரோடு, அடிவாரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கும்போது, பிள்ளையை அப்பாவின் தம்பி மடியில் வைப்பது என்றால் அந்த மாமனை இல்லை என்று எழுதிவிட்டதாகத்தான் ஆகும்.

மாடியில் சத்தம் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விழித்துப் படுத்திருந்தேன். மேலே ஒரு 'டொம்'கூட இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து மாடிப்படி ஏறினேன். நைனா ரப்பர் மேட்டின் ஓரத்தில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், இத்த எடுத்துக்கினு போவ ஒரு ஆளு சொல்லு. காசு வாணாம். சும்மா குடுக்கறேன்."

சும்மா கொடுப்பதில் உள்ள கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. ஊரெல்லாம் விசாரித்தேன். சித்தூரில் ஒரு மாங்கூழ் பேக்டரி முதலாளி ஆசையாகக் கேட்டுவிட்டு, வருஷா வருஷம் புல்லுக்குக் கட்ட வேண்டும் என்றதும் மாம்பழ சீசன் முடியட்டும் என்றார். அங்கேயே மிஷன் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் எனக்குத் தெரிந்தவர். "பிரதர், ஸ்கூல் மணி வாங்கவே சபையில மூணு தடவ காணிக்க எடுத்தோம். இந்த மிஷினுக்கு ஏசி போடணும்னு பாஸ்டர்கிட்ட யாரு போயி சொல்றது?" என்று கும்பிட்டார். மிஷினை வைத்திருக்கிற செலவு ஒன்று, அதைத் தள்ளிவிடுகிற செலவு இன்னொன்று. பிரித்து இறக்கவே சர்வீஸ்காரர்தான் வர வேண்டுமாம். அவர் இந்தத் தடவை மச்சினனையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.

"உடு நைனா, மிஷின் கெடக்கட்டும்," என்றேன். "மிஷின் போனா மட்டும் தங்கச்சி வந்துருமா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "தேவகிய இடுப்புல தூக்கிக்கினே வளத்தவன் சார் நானு. எங்கம்மா வேலைக்குப் போனா நான்தான் அதுக்குச் சோறு ஊட்டுவேன். ஒரு நிமிஷம் என் வாயி கெட்டுப்போச்சு. அது புள்ளைக்கு என் மடி இல்லன்னா எனக்கு இன்னாத்துக்கு மடி?"

எனக்கும் அழுகை வரப் பார்த்தது. அதை மறைக்கக் கோபம்தான் சௌகரியம். "இங்க ஒக்காந்து அழுதா? வெள்ளிக்கெழம மலைக்குப் போறோம். கூப்பிடலன்னா என்ன, பெருமாள் கோயில்தானே, யாரு வேணும்னாலும் வரலாம்," என்று கத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஓனரம்மா முன்னாடியே தேவகி குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார். நானும் நைனாவும் பின்னால் போனோம். நைனா பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். அலிபிரி சோதனையில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோல்ஃப் பந்தை எடுத்து, "இதேமி சாமி?" என்றார் காவலர். ஜபமாலை மாதிரி அதை உருட்டிக்கொண்டே இருப்பது நைனாவின் பழக்கம். "பந்து சார், சும்மா கையில வெச்சுக்கறது" என்று அசடு வழிந்தார். காவலர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

மொட்டை போடுகிற கல்யாணகட்டா மண்டபத்தில் வரிசை வரிசையாகத் தலைகள். தண்ணீரும் முடியுமாகத் தரை. தேவகி குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். நைனா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார், முன்னால் போகத் துணிவில்லை. கிஷோர் சித்தப்பன் மடியில் இருந்தான். சித்தப்பனுக்குப் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கத் தெரியவில்லை. கிஷோர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஊரையே கூட்டினான்.

"கதலொத்து நானா, கதலொத்து!" அசையாதே, அசையாதே என்று கெஞ்சினார் முடி எடுப்பவர். கத்தியைக் கிட்டே கொண்டுபோவார், பிள்ளை திமிறும், கையை எடுத்துவிடுவார். மாப்பிள்ளை பொரியுருண்டை காட்டினார், ஓனரம்மா போனில் பாட்டுப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. தேவகிக்கு அழுகை வந்துவிட்டது. முதல் மொட்டையிலேயே பிள்ளை தலையில் கத்தி பட்டுவிட்டால் என்ன செய்வது?

தூணுக்குப் பின்னாலிருந்து நைனா எப்போது போனார் என்று எனக்கே தெரியவில்லை. ஈரத் தரையில், பிள்ளைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பந்தைத் தரையில் வைத்துவிட்டார்.

"டேய் கிஷோரு. மாமாவப் பாக்காத. பந்தப் பாரு. தல ஆடுச்சுன்னா பந்து ஓடிப்போயிடும். கண்ண எடுக்காத. ஆங், அப்டிதான்."

கோல்ஃபில் முதல் பாடமே அதுதானாம், தலையை ஆட்டாமல் பந்தைப் பார்ப்பது. இத்தனை வருஷத்தில் நைனாவுக்கே ஒழுங்காக வராத பாடம். கிஷோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தையே பார்த்தான். தலை இம்மி அசையவில்லை. முடி எடுப்பவர் இந்த அதிர்ஷ்டம் போய்விடுமோ என்று சரசரவென்று கத்தியை இழுத்தார். ஒரு பக்கம் பளபளவென்று இறங்கியது.

மறுபக்கத்துக்குப் பிள்ளையைத் திருப்பி உட்கார வைக்க வேண்டும். சித்தப்பன் ஆளை விட்டால் போதும் என்று எழுந்துகொண்டான். நைனா நகரவில்லை. தங்கையை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, குத்துக்காலிட்டபடியே பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தேவகியையே பார்த்தோம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னா பாத்துக்கினு கீற? சட்டுனு ஒக்காரு. எம்புள்ளைக்கு நான் இன்னா பத்து மாமனா வெச்சுக்கினு கீறேன்?"

பட்டுக்கரை வேட்டியோடு அந்தத் தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார் மனிதர். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணீர் பொலபொலவென்று ஊற்றியது. பாதித் தலையோடு கிஷோர், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா அழுவுது" என்று மட்டும் சொன்னான். மிச்சப் பாதி முடியும் தாய்மாமன் மடியில் இறங்கியது.

மத்தியானம் எல்லோரும் வீட்டுக்கே வந்தார்கள். தேவகி செருப்பைக் கழற்றும்போதே, "மொதல்ல ரூமத் தொறந்து உடு, இடுப்பு ஒடியுது" என்றாள். நைனா ஓடினார். மிஷினைச் சுவரோரம் தள்ளினார், தலையணைகளை எடுத்துப் போட்டார், ஏசியை முழுசாகத் திருப்பினார். தேவகி, மாப்பிள்ளை, மொட்டைக் கிஷோர், சித்தப்பன், அவர்களோடு வந்த நாலு பேர், ஓனரம்மா என்று எல்லோரும் மேட் மேலேயும் சுற்றிலும் சாய்ந்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை.

அப்புறம் நைனா எங்கள் வாசலில் வந்து நின்றார், ஈர வேட்டி இன்னும் காயவில்லை. "சார், மேல எடம் இல்ல. இப்டி ஓரமா கொஞ்சம் சாஞ்சிக்கட்டுமா?" என்றார். வீட்டு ஓனர் குடித்தனக்காரனிடம் இடம் கேட்டார். பாயை விரித்தேன். தலை சாய்த்த மறுகணமே, வாயைத் திறந்து குறட்டை விட ஆரம்பித்தார். அத்தனை நாளாகத் தூக்கமே இல்லை போலிருக்கிறது.

சமையலறையில் கலா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"அப்புறம் அரைச்சுக்கலாம் கலா. நைனா தூங்கறாரு."